தள்ளிவிட ஒரு ஆள் வேண்டும்! 300 கி.மீ. வேகத்தில் டாலடேகா

அமெரிக்காவின் தெற்கே இருக்கும் அலபாமா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சர்ச்தான். பத்து மணிக்குக்கூட சாலைகள் சோம்பலாகக் கிடக்கும். வருடத்தில் இரண்டு ஞாயிறுகள் மட்டும் கணக்கு மாறும். பர்மிங்ஹாம் நகரிலிருந்து கிழக்கே அட்லான்டா நோக்கிப் போகும் 20-ம் எண் நெடுஞ்சாலையில் விடிந்தும் விடியாததுமாக வண்டிகள் வரிசை கட்டும். கூரையில் நாற்காலிகளைக் கட்டிய கார்கள், வீட்டையே பின்னால் இழுத்துவரும் பிக்அப் டிரக்குகள், கொடி பறக்கும் பழைய ஸ்கூல் பஸ்கள். எல்லாம் போவது டாலடேகா சூப்பர்ஸ்பீட்வேக்கு.

ஒரு மணி நேரப் பயணம். இருபுறமும் பைன் மரங்கள். லிங்கன் என்ற சிற்றூரில் ஹோண்டாவின் பெரிய தொழிற்சாலை. குடும்பத்தோடு போவதற்கான வேன்கள் அங்கே தயாராகின்றன. அதைத் தாண்டிய சில நிமிடங்களில் மரங்களுக்குப் பின்னாலிருந்து நீண்ட கேலரி ஒன்று எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் இங்கே 1,75,000 பேர் உட்கார இடம் இருந்தது. இப்போது சுமார் 80,000 இருக்கைகள். குறைத்த பிறகும் நம் சேப்பாக்கம் மைதானத்தைப் போல இரண்டு மடங்கு!

இங்கே ஓடுபவை ஸ்டாக் கார்கள். ஷோரூமில் வாங்கும் காரையே ரேஸுக்கு ஓட்டுவது என்பதுதான் அந்தப் பெயரின் தொடக்கம். மதுவிலக்குக் காலத்தில் மலைக்கிராமங்களில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்கள், போலீஸ் துரத்தினால் பிடிபடாமலிருக்கத் தங்கள் கார்களின் இன்ஜினை முறுக்கேற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கார்கள் ஓய்வு நாளில் ஒன்றோடொன்று மோதிப் பார்த்ததில் இந்த விளையாட்டின் ஒரு வேர் இருக்கிறது. 1948-ல் பில் ஃபிரான்ஸ் என்பவர் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். ஃபார்முலா ஒன் கார் ராக்கெட் மாதிரி இருக்கும் என்றால், நாஸ்கார் கார் பார்ப்பதற்கு நம் தெருவில் நிற்கும் கார் மாதிரியே இருக்கும். பார்ப்பதற்கு மட்டும்தான். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். முன்பக்க ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். வேகம் காட்டும் முள்ளும் கிடையாது.

தமிழர்களுக்கு இந்த உலகம் முற்றிலும் அந்நியமும் இல்லை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் திடலில் தன் முதல் ரேஸிலேயே 13-வதாக வந்தார். அந்த வருடம் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்கே கிடைத்தது.

மொட்டைமாடி வைத்த பஸ்கள்

டாலடேகாவின் ரேஸ் தடம் ஒரு சுற்றுக்கு 4.28 கி.மீ. அந்த வளையத்துக்கு நடுவே பரந்து கிடக்கும் திடலை இன்ஃபீல்டு என்கிறார்கள். ரேஸைவிட இன்ஃபீல்டுக்காகவே வருகிறவர்கள் ஏராளம். வியாழன், வெள்ளியிலேயே வந்து கூடாரம் அடித்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற ஸ்கூல் பஸ்ஸை வாங்கி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்து, கூரைமேல் கம்பித் தடுப்பு வைத்து மொட்டைமாடியாக்கியிருப்பார்கள். கீழே படுக்கை, மேலே கேலரி.

மாட்டுவண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போய், ஆற்றங்கரையில் மூன்று நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்ட கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரிந்துவிடும். அடுப்புப் புகை, குழந்தைகளின் ஓட்டம், பக்கத்துக் கூடாரத்தில் உப்பு கடன் கேட்பது என எல்லாம் அதேதான். சனிக்கிழமை இரவு மட்டும் பாட்டும் பீரும் கொஞ்சம் எல்லை மீறும். குழந்தைகளோடு வருபவர்கள் அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

சாப்பாடு? புகையில் பல மணி நேரம் வாட்டிய பன்றி இறைச்சி, சர்க்கரை அள்ளிப் போட்ட ஐஸ் டீ. அத்துடன் அவித்த வேர்க்கடலை! அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சாலையோரக் கடைகளில் உப்புப் போட்டு அவித்த கடலை சுடச்சுடக் கிடைக்கும். மெரினாவில் வாங்கித் தின்றவருக்கு ஒரு கணம் ஊர் ஞாபகம் வந்துவிடும். கேலரி டிக்கெட் வாங்கியவர்கள் சின்ன ஐஸ் பையில் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகவும் அனுமதி உண்டு. நம் ஊர் கிரிக்கெட் மைதானங்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டால் தேவலை.

பிற்பகலில் ஒரு போதகர் பிரார்த்தனை செய்வார். தேசிய கீதம். தலைக்குமேல் விமானங்கள் சீறிக்கொண்டு போகும். பிறகு "இன்ஜின்களை ஸ்டார்ட் செய்யுங்கள்" என்ற ஒரு குரல். நாற்பது இன்ஜின்கள் ஒரே நேரத்தில் உறும, காதுக்கு முன்னால் நெஞ்சுதான் அதிரும். காதடைப்பான் இல்லாமல் உட்காருவது முட்டாள்தனம். பலர் காதடைப்பானோடு சேர்ந்த ரேடியோவையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஓட்டுநரும் அவரது குழுவும் பேசிக்கொள்வதை அதில் நேரடியாகக் கேட்கலாம்.

முதல் ரேஸிலேயே வெளிநடப்பு

இந்தத் திடல் இருக்கும் இடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளம். அதற்கும் முன்னால் அது மஸ்கோகி பழங்குடி மக்களின் நிலம். டாலடேகா என்பது அவர்கள் மொழியில் 'எல்லையில் உள்ள ஊர்'. 1830-களில் அமெரிக்க அரசு அவர்களை மேற்கே விரட்டிவிட்டது. அவர்கள் சாபம் இங்கே இன்னும் இருக்கிறது என்று உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. 1973-ல் சாம்பியன் பாபி ஐசக், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே 'காரை விட்டு இறங்கு' என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்லி, ரேஸின் நடுவிலேயே விலகிய கதையை இன்றும் சொல்வார்கள். நாற்பது கார்கள் 300 கி.மீ. வேகத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் இடத்தில் பயப்படுவதற்குச் சாபம் எதற்கு என்று தோன்றாமல் இல்லை.

பில் ஃபிரான்ஸ் இதைக் கட்டியதற்குக் காரணம் எளிமையானது. உலகத்திலேயே பெரிய, வேகமான ஸ்டாக் கார் தடம் தன்னிடம் இருக்க வேண்டும். வளைவுகளில் தடம் 33 டிகிரி சாய்ந்திருக்கிறது. கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் இடையே இரண்டு மாடி வீட்டின் உயரம். நடந்து ஏறப் பார்த்தால் கையை ஊன்ற வேண்டியிருக்கும். இத்தனை சாய்வு இருப்பதால்தான் வளைவிலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஓட்ட முடிகிறது.

1969 செப்டம்பரில் முதல் ரேஸ். பயிற்சி ஓட்டத்திலேயே பிரச்னை தெரிந்துவிட்டது. மணிக்கு 320 கி.மீ.யை நெருங்கிய வேகத்தைத் தாங்காமல் சில சுற்றுகளிலேயே டயர்கள் கிழிந்தன. அன்றைய பெரிய நட்சத்திரம் ரிச்சர்ட் பெட்டி தலைமையில் ஓட்டுநர்கள் ரேஸைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். ஃபிரான்ஸ் மறுத்தார். அறுபதை நெருங்கிய வயதில் தானே ஒரு காரில் ஏறிச் சுற்றிக் காட்டினார். பெட்டியும் மற்ற நட்சத்திரங்களும் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்களையும் முந்தைய நாள் ரேஸில் ஓடிய சின்னக் கார்களையும் வைத்துப் போட்டியை நடத்தி முடித்தார் ஃபிரான்ஸ். ஜெயித்தவர் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ். பாவம், அவருக்கு அதுவே முதலும் கடைசியுமான வெற்றி.

ஓட்டுநர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது என்பதை 18 வருடம் கழித்துக் காலம் காட்டியது. 1987 ஏப்ரல் கடைசியில் தகுதிச்சுற்றில் பில் எலியட் மணிக்கு 342 கி.மீ. தொட்டார். நாஸ்காரில் அந்தச் சாதனை இன்றும் முறியவில்லை. மூன்று நாள் கழித்து, மே 3-ம் தேதி ரேஸில், 49 வயது பாபி அலிசனின் கார் டயர் வெடித்தது. கார் பின்பக்கமாகத் திரும்பி, இறக்கை முளைத்த மாதிரி மேலே எழும்பி, கேலரிக்கு முன்னாலிருந்த கம்பிவேலியைச் சுமார் 30 மீட்டருக்குப் பிய்த்தெறிந்தது. வேலி காரைத் தடுத்து மறுபடி தடத்திலேயே போட்டுவிட்டது. பார்வையாளர்கள் சிலர் காயமடைந்தார்கள். வேலி தாங்காமல் கார் கேலரிக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

பாபிக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மகன் டேவி அலிசன். அப்பாவின் கார் பறப்பதை ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தார். வேலியைச் சரிசெய்ய இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்பாவுக்குப் பெரிய காயம் இல்லை என்று தெரிந்த பிறகு மீண்டும் காரில் ஏறி, அன்றைய ரேஸை ஜெயித்தார். நாஸ்காரின் முதன்மையான கப் தொடரில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி.

அலிசன் குடும்பம் பர்மிங்ஹாமுக்கு அருகே ஹூயிடவுன் என்ற ஊரைச் சேர்ந்தது. டாலடேகாவின் சொந்தப் பிள்ளைகள். 1988 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டேடோனாவில் அப்பா முதலிடம், மகன் இரண்டாமிடம். அதே வருடம் ஜூனில் நடந்த விபத்து ஒன்றில் பாபி தலையில் பலத்த அடிபட்டுப் பிழைத்தார். ஆனால் மகனோடு ஜெயித்த அந்த டேடோனா நாள் அவர் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. 1992-ல் இளைய மகன் கிளிஃபோர்டு பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். 1993 ஜூலையில் டாலடேகா திடலுக்குள்ளேயே ஹெலிகாப்டரை இறக்கும்போது நடந்த விபத்தில் டேவியும் போய்விட்டார். வயது 32.

காற்று போடும் கணக்கு

1987 விபத்துக்குப் பிறகு நாஸ்கார் ஒரு முடிவெடுத்தது. டாலடேகாவிலும் டேடோனாவிலும் ஓடும் கார்களின் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்க, நான்கு துளைகள் போட்ட ஓர் உலோகத் தகடு. துளை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. காற்று குறைந்தால் இன்ஜின் சக்தி குறையும். கார் பறக்காது. இன்றைக்குத் தகட்டின் வடிவம் மாறியிருக்கிறது, நோக்கம் அதேதான்.

வேகம் குறைந்தது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எல்லாக் கார்களும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டன! சக்தி வாய்ந்த கார் தனியாக முன்னால் ஓடிவிடும் காலம் போய், நாற்பது கார்களும் தேனடை மாதிரி ஒரே கொத்தாக ஓடத் தொடங்கின. பக்கவாட்டில் மூன்று, சில நேரம் நான்கு. முன்னால் இருப்பவரின் பம்பருக்கும் பின்னால் வருபவரின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதுவும் இருந்தால். வேகம் மணிக்கு 300 கி.மீ. அதாவது கண் இமைத்துத் திறப்பதற்குள் பல மீட்டர்கள் தாண்டியிருக்கும். ஒரு நொடிக்கு 80 மீட்டருக்கு மேல்.

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறார்கள்? முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. பின்னால் வருபவர் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்துகொண்டால் எதிர்க்காற்று அறையாது. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் பைக்காரர்கள் அனுபவிப்பது இதைத்தான். (செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.) ஆச்சரியம் என்னவென்றால், இதில் முன்னால் போகிறவருக்கும் லாபம். அந்தப் பள்ளம் அதுவரை அவர் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் வந்து அதை அடைத்ததும் அந்த இழுப்பு தளர்கிறது. ஆக, ஒரு காரைவிட இரண்டு கார்களுக்கு வேகம் அதிகம். இரண்டைவிடப் பத்து கார்களின் வரிசைக்கு இன்னும் அதிகம். இதற்கு டிராஃப்டிங் என்று பெயர்.

இங்கேதான் டாலடேகாவின் விசித்திரம். எவ்வளவு நல்ல காரும், எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநரும் தனியாக இருந்தால் தோற்றுப்போவார்கள். முந்துவதற்காக வரிசையைவிட்டு வெளியே வருகிறவர், தன் பின்னால் இன்னொருவரும் வருவார் என்று நம்பித்தான் வருகிறார். வந்தால் இருவரும் முன்னேறுவார்கள். வராவிட்டால் நடுக்காற்றில் தனியாக மாட்டிக்கொண்டு, கண்ணெதிரே பத்து, பதினைந்து கார்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பின்னால் தள்ளுகிறவர் நண்பரா? கடைசிச் சுற்று வரை நண்பர். அதற்குப் பிறகு அவரும் ஜெயிக்கத்தானே வந்திருக்கிறார்!

எனவே ரேஸ் முழுக்கப் பேரம் நடக்கிறது. ஓட்டுநருக்குத் தன் கண்ணால் பார்க்க முடிவது கொஞ்சம்தான். கேலரிக்கு மேலே கூரையில் பைனாகுலரோடு நிற்கும் அவருடைய ஆள், ஸ்பாட்டர், காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். வெளியே ஒரு கார், உள்ளே ஒரு கார், இப்போது காலி, பின்னால் வருபவர் உதவத் தயார்... அந்தக் கூரையில் ஸ்பாட்டர்கள் தோளோடு தோள் உரசி நின்று தங்களுக்குள்ளும் பேசி முடித்துக்கொள்வது உண்டு. கல்யாணத் தரகர்கள் தோற்றார்கள்.

இந்த நெருக்கத்தால் 2010 ஏப்ரலில் ஒரே ரேஸில் முதலிடம் 88 முறை கைமாறியது. அடுத்த வருடமும் அதே 88. அந்த 2011 ரேஸில் ஜிம்மி ஜான்சன் ஜெயித்த வித்தியாசம் 0.002 நொடி.

இதே நெருக்கத்தால்தான் 'பெரிய ஒன்று' என்று எல்லோரும் பயந்து, சிலர் ரகசியமாக எதிர்பார்த்தும் இருக்கும் விபத்தும். நடுவில் ஒருவர் இம்மி தடுமாறினால் பின்னால் வருகிற யாருக்கும் பிரேக் போட நேரம் கிடையாது. 2024 அக்டோபரில், ரேஸ் முடியப்போகும் நேரத்தில், முன்னால் போன காரைப் பின்னாலிருந்து தள்ளிய தள்ளல் கோணலாகப் போய்விட்டது. 28 கார்கள் சிக்கின. கப் தொடரின் வரலாற்றிலேயே ஒரு விபத்தில் சிக்கிய அதிகபட்ச எண்ணிக்கை அது. ஓட்டுநர்கள் எல்லோரும் நடந்து வெளியே வந்தார்கள்.

சமீப வருடங்களில் ரசிகர்களுக்கு ஒரு வருத்தம். பெட்ரோல் நிரப்பும் நேரத்தை மிச்சம்பிடிக்க, குழுக்கள் ரேஸின் நடுப்பகுதியில் காலைப் பாதி தூக்கியே ஓட்டச் சொல்கின்றன. அமெரிக்காவின் அதிவேக ரேஸில் மைலேஜ் பார்த்து ஓட்டுகிறார்கள்! 'எவ்வளவு கொடுக்கும்' என்று கேட்டு வண்டி வாங்கும் நமக்கு இதில் சிரிப்பு வருவதைத் தடுக்க முடியாது.

தள்ளல் எப்படி அதிசயம் செய்யும் என்பதற்கு டாலடேகாவில் எல்லோரும் சொல்லும் உதாரணம் 2000 அக்டோபர். கறுப்பு நிற 3-ம் எண் காரில் டேல் எர்ன்ஹார்ட். கடைசி ஐந்து சுற்றுகளில் அவர் 18-வது இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தார். அவர் பின்னால் பம்பரோடு பம்பராக ஒட்டித் தள்ளிக்கொண்டே வந்து இரண்டாவதாக முடித்தவர் கென்னி வாலஸ். அது எர்ன்ஹார்ட்டின் பத்தாவது டாலடேகா வெற்றி. கடைசி வெற்றியும்கூட. நான்கு மாதம் கழித்து டேடோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். கழுத்தைத் தாங்கும் பட்டை, அதிர்ச்சி வாங்கும் சுவர் எல்லாம் அதற்குப் பிறகு கட்டாயமாயின. கப் தொடரில் அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஓட்டுநரும் ரேஸில் இறக்கவில்லை.

தள்ளியவரே தட்டிப் பறித்த கதை 2009 ஏப்ரல். கார்ல் எட்வர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர் சின்னக் குழு ஒன்றின் இளைஞர் பிராட் கெசலாவ்ஸ்கி. எல்லைக்கோடு தெரியும் தூரத்தில் அவர் உள்பக்கமாக விலகினார். மறிக்க எட்வர்ட்ஸ் இறங்கினார். உரசல். எட்வர்ட்ஸின் கார் பறந்து வேலியில் மோதித் திரும்பி விழுந்தது. கேலரியில் சிலருக்குக் காயம். கெசலாவ்ஸ்கிக்கு முதல் கப் வெற்றி. நொறுங்கிய காரிலிருந்து இறங்கிய எட்வர்ட்ஸ், மிச்சமிருந்த தூரத்தை ஓடியே கடந்து எல்லைக்கோட்டைத் தொட்டார்.

மூன்றாவது வாலஸ்

திடலிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் போனால் ஆனிஸ்டன். 1961 மே 14 அன்று, பஸ்ஸில் கறுப்பர், வெள்ளையர் என்று இடம் பிரிப்பதை எதிர்த்து ஒன்றாகப் பயணம் செய்த இளைஞர்களின் பஸ்ஸை ஒரு கும்பல் துரத்தி, ஊருக்கு வெளியே தீ வைத்தது. அந்த இடம் இப்போது தேசிய நினைவிடம். தெற்கே டாலடேகா ஊரில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் முனைந்து 1867-ல் தொடங்கிய கல்லூரி இன்றும் நடக்கிறது. அலபாமாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வரலாறு கூடவே வரும். ரேஸ் திடலும் அதற்கு விலக்கில்லை.

1963-ல் இந்த மாநிலத்தின் கவர்னர் ஜார்ஜ் வாலஸ். இரண்டு கறுப்பின மாணவர்கள் உள்ளே போகக் கூடாது என்று பல்கலைக்கழக வாசலில் தானே நின்று மறித்தவர். ரேஸ் திடல் இங்கே வர அவருடைய ஆதரவு பெரிய பலம். 1972-ல் அவர் ஜனாதிபதி தேர்தலில் இறங்கியபோது பில் ஃபிரான்ஸ் அவருக்காக உழைத்தார்.

அதே 1963 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வெண்டெல் ஸ்காட் என்ற கறுப்பின மெக்கானிக் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் ஒரு ரேஸை ஜெயித்தார். ஜெயித்ததற்கான கொடி அவருக்குக் காட்டப்படவில்லை. வேறொருவருக்குக் கோப்பை கொடுத்தார்கள். கூட்டம் கலைந்து பல மணி நேரம் கழித்து, கணக்கில் தவறு, ஜெயித்தது ஸ்காட்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அசல் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. மற்றவர்கள் கழித்துப்போட்ட பாகங்களை வைத்து, பிள்ளைகளையே உதவியாளர்களாக்கி ஓட்டிக்கொண்டிருந்தவர், கடன் வாங்கி ஒரு நல்ல காரோடு 1973 மே மாதம் டாலடேகாவுக்கு வந்தார். இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் மோதிய பெரும் விபத்தில் கார் போனது. எலும்புகள் முறிந்தன. அவருடைய ரேஸ் வாழ்க்கை கிட்டத்தட்ட அன்றோடு முடிந்தது. 1990-ல் இறந்தார்.

அடுத்த கறுப்பின வெற்றியாளருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பப்பா வாலஸ். பெயரில் கவர்னரோடும் கென்னியோடும் ஒற்றுமை, உறவு எதுவும் இல்லை. பிறந்தது இதே அலபாமாவின் மொபீல் நகரில். 2020 ஜூனில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய கொடியை ரேஸ் திடல்களில் தடை செய்யக் கேட்டார். நாஸ்கார் தடை செய்தது. டாலடேகா இன்ஃபீல்டில் பல பத்தாண்டுகள் பறந்த கொடி அது. பதினொரு நாள் கழித்து இங்கே ரேஸ். திடலுக்கு வெளியே சாலையில் அந்தக் கொடியோடு வண்டிகள் ஊர்வலம் போயின. வானத்தில் ஒரு சிறு விமானம் அதை இழுத்துக்கொண்டு வட்டமிட்டது.

அன்று மாலை வாலஸின் கார் நிறுத்துமிடத்தில் தூக்குக் கயிறு போல முடிச்சிட்ட கயிறு தொங்குவதை அவரது குழுவினர் கண்டார்கள். கறுப்பர்களைக் கும்பல்கள் மரத்தில் தொங்கவிட்ட மண்ணில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அது கதவை இழுக்கும் கயிறு, முந்தைய வருடமே அங்கே இருந்தது, வாலஸைக் குறிவைத்ததில்லை என்று எஃப்.பி.ஐ. விசாரித்துச் சொன்னது. ஆனால் அந்த முடிவு வந்தது செவ்வாய்க்கிழமை. மழையால் தள்ளிப்போன ரேஸ் நடந்தது திங்கள்கிழமை. திங்களன்று யாருக்கும் எதுவும் தெரியாது.

அன்று, ரேஸ் தொடங்குவதற்கு முன், மற்ற எல்லா ஓட்டுநர்களும் அவர்களுடைய மெக்கானிக்குகளும் வாலஸின் 43-ம் எண் காருக்குப் பின்னால் திரண்டார்கள். கையால் தள்ளினார்கள். வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு வயதானவர் வந்து நின்றார். வாலஸ் குழுவின் தலைவர் ரிச்சர்ட் பெட்டி. 1969-ல் இதே திடலிலிருந்து ஓட்டுநர்களை அழைத்துக்கொண்டு வெளியேறிய அதே பெட்டி, 82 வயதில், கொரோனா காலத்திலும் கிளம்பி வந்திருந்தார். வாலஸ் காரில் சாய்ந்து அழுதார். 14-வதாக முடித்தார். முடிந்ததும் வேலியோரம் போய் ரசிகர்களின் கைகளைத் தட்டினார்.

அடுத்த வருடம் அக்டோபர் 4, மறுபடியும் மழையால் திங்களுக்குத் தள்ளிப்போன ரேஸ். வாலஸ் இப்போது கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான் பங்குதாரராக இருக்கும் குழுவில், 23-ம் எண் காரில். 188 சுற்றுகளில் 117 முடிந்திருந்தன. முதலிடத்தில் வாலஸ். பின்னால் ஒரு விபத்து, கூடவே மழை. ரேஸ் நின்றது. ஈரத்தில் காத்திருந்தார்கள். அவருடைய குழு இருந்த இடத்துக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், மழை விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு! மழை விடவில்லை. வாலஸ் ஜெயித்தார். ஸ்காட்டின் எலும்புகளை முறித்த அதே தடத்தில். அதற்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன்புதான், 58 வருடம் தாமதமாக, ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை ஸ்காட் குடும்பத்தின் கையில் நாஸ்கார் கொடுத்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு

அட்லான்டாவில் உறவினர் இருந்தால் அங்கிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அலபாமாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் இல்லாத மாதங்களில் போகிறவர்களுக்குத் திடலை ஒட்டியே 1983-ல் திறந்த மோட்டார் ரேஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ரேஸுக்கே போவதென்றால் குழந்தைகளுக்குக் காது மூடி, தொப்பி, மழைக்கோட்டு மூன்றும் அவசியம். இருக்கை எவ்வளவு உயரத்தில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. கீழே உட்கார்ந்தால் நாற்பது கார்களும் ஒரு வண்ணக் கோடாகத்தான் தெரியும்.

ரேஸ் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலை ஏறவே வெகுநேரமாகும். பழகியவர்கள் அவசரப்படுவதில்லை. நொறுங்கிய கார்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, அணைத்த அடுப்புகளை இன்ஃபீல்டில் மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள்.